உள்ளளவு பதிமூன்று

என் ஆபீஸில் இப்போது யாரும் பென்சிலைத் தொடுவதில்லை. கம்ப்யூட்டர் திரையில் முதலில் கட்டிடத்தை ஒரு முழுக் கட்டியாக நிறுத்துகிறார்கள். கதவு கிடையாது, சன்னல் கிடையாது, சும்மா ஒரு பெட்டி. அதன் ஒரு பக்கத்தைத் தொட்டுச் சொடுக்கினால் அந்தப் பக்கம் சுவராகிவிடும். அதற்கு முன்னால் அந்த மென்பொருள் ஒரு கேள்வி கேட்கும்: சுவரின் தடிமன் கட்டிக்கு உள்ளே போகட்டுமா, வெளியே வரட்டுமா, பாதிப் பாதியா? யாரும் அதைப் படிப்பதில்லை. ஏற்கெனவே என்ன இருக்கிறதோ அதை அப்படியே விட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள். அப்போது என் குரல் உயரும். "சுவர்னு சொன்னா அந்தம்மாவுக்கு சாமி வந்துரும்" என்று முதுகுக்குப் பின்னால் பேசிக்கொள்கிறார்கள். வரத்தான் செய்யும். அந்தக் கேள்விக்கு நான் ஒருமுறை கருங்கல்லில் தப்பான பதில் எழுதியிருக்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் போடியில் ஒரு என்ஜினியர் ஆபீஸில் எனக்குப் படம் போடும் வேலை. மதுரையில் பாலிடெக்னிக் முடித்த கையோடு சேர்ந்துவிட்டேன். பெண்பிள்ளை சிவில் படித்ததே ஊரில் வேடிக்கை. வேறு சோலியாக வருகிறவர்கள்கூட என் மேசையை ஒரு எட்டு எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். எனக்குக் கை சுத்தம். கோடு இழுத்தால் இழுத்ததுதான், அழிக்க ரப்பர் தேட மாட்டேன். அதனால் வந்த திமிரும் நிறைய இருந்தது. இப்போதும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது.

என் அப்பாவின் தங்கைக்குப் போடிமெட்டைத் தாண்டி, மலைச்சரிவில் ஏலத்தோட்டம் இருந்தது. மாமா இறந்த பிறகு சொத்துப் பிரித்தார்கள். தோட்டத்தில் பாதி அத்தைக்கு வந்தது. மறுபாதியும், காய் உலர்த்தும் ஸ்டோரும் மாமாவின் அண்ணனுக்குப் போயின. அவரை நான் பெரிய மாமா என்று கூப்பிடுவேன். ஸ்டோர் என்றால் கடை என்று நினைத்துவிட வேண்டாம். கல் சுவர் எழுப்பி, தரையோடு பெரிய இரும்புக் குழாய் ஓட்டி, வெளியே அடுப்பெரித்து அந்தச் சூட்டை உள்ளே அனுப்பி, அடுக்கடுக்காகக் கம்பிவலைத் தட்டுகளில் பச்சைக் காயைப் பரப்பி உலர்த்துகிற கட்டிடம். பறித்த காய் அன்றே சூட்டுக்குள் போய்விட வேண்டும். காத்துக் கிடந்தால் பச்சை போய் மஞ்சளடித்துவிடும். போடிக் கடைகளில் காயை உள்ளங்கையில் கொட்டிப் பார்க்கிறவர்கள் முதலில் பார்ப்பது கலரைத்தான்.

ஆறு வருஷம் அத்தையின் காய் பெரிய மாமாவின் ஸ்டோர் வாசலில் காத்துக் கிடந்தது. அவர் காய் முதலில் உள்ளே போகும். அப்புறம் அவருடைய சேக்காளிகளின் காய். அத்தை மழையில் கோணிச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வாசலில் நிற்பாள்.

"எப்ப எறக்கலாம் மச்சான்?"

"பாப்பம்."

லீவுக்குப் போகும்போதெல்லாம் இதை நான் கேட்டிருக்கிறேன். 'பாப்பம்' என்றால் நாளைக்கு, சில சமயம் நாளை மறுநாள். அவர் திட்டமாட்டார், குரலை உயர்த்தமாட்டார், தம்பி பெண்சாதிக்குக் காபி போடச் சொல்வார். அதுதான் எனக்கு எரிச்சலைக் கிளப்பும். அத்தை அந்தக் காபியைக் குடித்துவிட்டு, சாக்குக்குள் கைவிட்டுக் காயைப் புரட்டிக் கொடுத்துக்கொண்டே இருப்பாள், புழுங்கிவிடக் கூடாதே என்று. ஆனாலும் புழுங்கும்.

ஒரு மாசி மாதம் அத்தை ஆபீஸுக்கே வந்துவிட்டாள். சுற்றிவளைத்துப் பேசுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. "ஏத்தா, எனக்கு ஒரு ஸ்டோரு கட்டணும். ஆவணியில காய் எடுப்பு ஆரம்பிச்சுரும். அதுக்குள்ள அடுப்பு எரியணும். நீ போட்டுத் தருவியா, இல்ல ஒன் என்ஜினியரக் கூப்பிடவா?"

"நானே போடுறேன் அத்தே" என்றேன். என்ஜினியரும் சிரித்துக்கொண்டே, "ஒங்க வீட்டுச் சோலி, நீயே பாரு" என்று விட்டுவிட்டார். தனியாக எனக்குக் கிடைத்த முதல் கட்டிடம் அது.

அத்தைக்குக் காகிதத்தில் போட்ட படம் பிடிபடாது. அதனால் துணி துவைக்கிற நீளச் சோப்புகளைத் தண்ணீர் தொட்டு ஒன்றோடொன்று ஒட்டி, நூலால் அறுத்து, ஸ்டோரின் உருவத்தைச் செய்தேன். அடிக்குக் கால் அங்குலம். அகலம் நாலு அங்குலம், நீளம் ஐந்து. பதினாறடிக்கு இருபதடி. இந்த இரண்டு எண்ணும் அத்தை சொன்னவைதான். மனையடி சாஸ்திரத்தில் அறையின் உள்ளளவுக்கு நல்ல எண்ணும் உண்டு, கெட்ட எண்ணும் உண்டு. பத்தும் பதினொன்றும் நல்லவை. பன்னிரண்டிலிருந்து பதினைந்து வரை ஆகாது. பதினாறு, பதினேழு, இருபது மறுபடியும் நல்லவை. எங்கள் பக்கம் பள்ளிக்கூடத்துக்கே போகாதவர்களுக்கும் இது மனப்பாடம்.

சோப்பைக் கையில் வாங்கி அத்தை அப்படியும் இப்படியும் திருப்பினாள். "இதுல எங்கத்தா வாசலு?"

"மொதல்ல உருவம் அத்தே. பெறகு சுவரு, வாசலு."

வீட்டில் மீந்து கிடந்த கல்யாணப் பத்திரிகை அட்டைகளை வெட்டி, நாலு பக்கமும் ஒட்டி, வாசலுக்கு ஓட்டை போட்டேன். சுவர்களின் மூலையில் தடவிய மஞ்சள் அப்படியே தெரிந்தது. அத்தை ஸ்கேலை வாங்கித் தானே அளந்தாள். "பதினாறு. சரியா இருக்கு" என்று சொல்லி, முந்தானையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோய் அலமாரியில் வைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் இடம் பார்க்கப் போனேன். ஜீப்பில் மெட்டு வரை, பிறகு சரிவில் நடை. கட்டிடம் வர வேண்டிய இடத்தில் ஒரு பக்கம் பாறை. மறுபக்கம் பெரிய மாமாவின் எல்லைக்கல். நடுவில் பதினாறடிக்கு ஒரு விரல்கடை கூடுதலாகவே இருந்தது. கச்சிதமாக இருக்கிறது என்று எனக்கு ஏக சந்தோஷம். திரும்பி வந்து மேசையில் உட்கார்ந்து ஒரே மூச்சில் படத்தைப் போட்டு முடித்தேன்.

என் தப்பு அங்கேதான். டவுனுக்குள் நாங்கள் போட்ட படங்களெல்லாம் பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டியவை. மனையின் எல்லைதான் கட்டிடத்தின் வெளிக்கோடு, சுவர் உள்ளே வரும். கை அதற்குப் பழகிக் கிடந்தது. அதே மாதிரி வெளிக்கோட்டைப் பதினாறுக்கு இருபதாக இழுத்தேன். ஒன்றரையடிக் கல் சுவரை உள்பக்கமாக வைத்தேன். தட்டுகள் நாலடி ஆழம். இரண்டு ஓரத்திலும் தட்டு அடுக்கு, நடுவில் நடக்க வழி, எல்லாம் அழகாக அடங்கிவிட்டது. அளவுகளை வெளியில் மட்டும் குறித்தேன், உள்ளே எழுதவில்லை. சோப்பில் அட்டையை வெளியே ஒட்டியவள், படத்தில் சுவரை உள்ளே வைத்துவிட்டேன். இரண்டும் வேறு வேறு கட்டிடம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

வைகாசியில் கடைக்கால் தோண்டி, கல் நிரப்பி, தரைமட்டத்துக்கு மேல் ஏறிவிட்டோம். சுவரின் முதல் வரிசைக் கல் வைக்கிற அன்று நானும் அத்தையும் மேலே போயிருந்தோம். எங்கள் பக்கத்து மேஸ்திரிகள் முதல் கல்லுக்கு முன்னால் உள்ளளவைத் தாங்களே ஒருமுறை அளந்து பார்ப்பார்கள். எவ்வளவு பெரிய என்ஜினியர் போட்ட படமானாலும் சரி. மேஸ்திரி நூல் கட்டினார், டேப்பை நீட்டினார், சுருட்டினார், மறுபடி நீட்டினார். பிறகு கரண்டியைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தார்.

"தாயி, நீளம் பதினேழு, குத்தமில்ல. அகலத்துல உள்ளளவு பதிமூணு வருது."

தப்பு என்னுடையது என்று அப்போதே தெரிந்துவிட்டது. ஆனால் வாய் சும்மா இருக்குமா? "அடில அளந்தா பதிமூணு. மீட்டர்ல அளந்தா நாலு. நாலுன்னு வச்சுக்கங்க மேஸ்திரி" என்றேன்.

"சாமிக்கு மீட்டரு தெரியாது தாயி. பதிமூணுல நான் கல்லு வைக்க மாட்டேன்."

எனக்கு மனையடியில் நம்பிக்கை அன்றும் இல்லை, இன்றும் இல்லை. அத்தையின் பக்கம் திரும்பி அதைச் சொல்லப் போனேன். அவள் முந்திக்கொண்டாள். "நான் நம்புறேனா இல்லையான்னு கேக்காத. ஒரு சாக்குக் காயி கலரு போச்சுன்னா, அடுப்பெரிச்சவனச் சொல்ல மாட்டாக, மழையச் சொல்ல மாட்டாக. பதிமூணும்பாக. பெறகு நான் மச்சான் வாசலுக்குத்தான் திரும்பப் போகணும்."

என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை. எனக்கு அழுகை வந்தது, பாறையைப் பார்ப்பது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மூன்று வழி யோசித்தோம். பாறையை உடைக்கலாம், ஆனால் வேட்டு வைத்து உடைத்து முடிப்பதற்குள் ஆவணி போய் ஐப்பசி வந்துவிடும். பிரித்துவிட்டு வேறு இடத்தில் கட்டலாம், அதற்கும் நாள் இல்லை. மூன்றாவது, எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் மூன்றடி கிடைத்தால் ஒரு பக்கச் சுவரைத் தள்ளிப் போட்டுப் பதினாறு ஆக்கிவிடலாம். அந்த மூன்றடியைப் பெரிய மாமாவிடம்தான் கேட்க வேண்டும். நான் மெதுவாக அதைச் சொல்லிப் பார்த்தேன்.

"அவுககிட்டப் போயிக் கேக்குறதா இருந்தா எனக்கு ஸ்டோரு எதுக்குத்தா?" என்றாள் அத்தை.

வேலையை நிறுத்திவிட்டு ஜீப்பில் இறங்கினோம். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் என் புத்தியை நானே செருப்பால் அடித்துக்கொண்டு வந்தேன். போடி வந்ததும் நேரே அத்தை வீட்டுக்குப் போய், அலமாரியில் இருந்த சோப்பை எடுத்து, அட்டைகளைப் பிய்த்துப் போட்டேன். அரிவாள்மனையில் வைத்து நாலு பக்கமும் ஒன்றரையடிக்கு உள்ள சோப்பைச் சீவினேன். கையில் மிஞ்சியதுதான் நான் நிஜமாகக் கொடுத்திருந்த அறை. பார்க்கப் பாவமாக இருந்தது. அத்தை அடுப்படியிலிருந்து, "அந்தச் சீவலத் தூரப் போட்டுறாத, தொவைக்க ஆகும்" என்றாள். அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சிரித்ததில் தலை கொஞ்சம் தெளிந்தது. பதிமூன்றைப் பதினாறாக்கவே மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கீழே பதினொன்று இருக்கிறதே! அதுவும் நல்ல எண்தான். இரண்டு பக்கமும் ஒவ்வோரடி குறைந்தால் போதும். தட்டு அடுக்கு இரண்டு பக்கமும் நாலு நாலு எட்டடி, நடுவழி மூன்றடி. ஒருவர் தட்டைத் தூக்கிக்கொண்டு நடக்க மூன்றடி தாராளம். ஒரு தட்டுகூடக் குறையாது. நான் வரைந்திருந்த ஐந்தடி வழிதான் வீண் ஆடம்பரம்.

அந்த ஓரடியைக் கல்லால் நிரப்ப எனக்கு மனமில்லை. சீவிய சோப்பை ஒட்டி நிறுத்திப் பார்த்தேன், கொஞ்சம் இடைவெளி விட்டுப் பார்த்தேன். கல் சுவருக்கு உள்ளே மூன்று அங்குலம் காலியாக விட்டு, ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் ஒன்று. மூன்றும் ஒன்பதும் ஓரடி. நடுவில் அடைபட்ட காற்று சூட்டை வெளியே விடாது என்று பாலிடெக்னிக்கில் படித்ததுதான். பரீட்சைக்கு எழுதியதோடு மறந்துபோனது அன்றைக்குத்தான் உதவிக்கு வந்தது. மறுநாள் முழுப் படத்தையும் புதிதாகப் போட்டேன். உள்ளளவை முதலில் எழுதினேன், அதற்குப் பிறகுதான் சுவரை வரைந்தேன்.

மேஸ்திரி படத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "சுவத்துக்குள்ள ஒரு சுவரு. நடுவுல காத்துக்கு ஒரு வீடா தாயி?"

"ஆமா. அதுக்கும் அளவு பாக்கணுமா?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். நூலைக் கட்டி, டேப்பை நீட்டி, "பதினொண்ணு" என்று தோட்டத்துக்கே கேட்கும்படி சொல்லிவிட்டுக் கரண்டியைக் கையில் எடுத்தார். செங்கல் லாரியில் மெட்டு வரை வந்து, அங்கிருந்து கழுதைகளின் முதுகில் இறங்கியது. ஆனியில் மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு வேலை செய்தார்கள். நான் வாரம் இரண்டு தடவை மேலே போனேன். அட்டைப்பூச்சி கடித்த தழும்பு என் கணுக்காலில் இன்னும் இருக்கிறது. ஆடி முடிவதற்குள் கூரை போட்டாயிற்று.

வெறும் அடுப்பை முதலில் எரித்துப் பார்க்கிற அன்றைக்குப் பெரிய மாமா வந்தார். வெள்ளைச் சட்டைப் பையில் டேப்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. பதிமூன்று என்ற செய்தி எப்போதோ அவர் காதுக்குப் போயிருந்தது. மலையில் ஜீப்பைவிடப் பேச்சு வேகமாகப் போகும். உள்ளே போய் அகலத்தை அளந்தார். நகர்ந்து நின்று இன்னொரு இடத்திலும் அளந்தார். நீளத்தை அளந்தார். நான் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். வாய் துறுதுறுத்தது, ஆனால் அத்தை என் முழங்கையைப் பிடித்திருந்தாள்.

"சுவரு ரொம்பத் தடிமனா இருக்கு" என்றார் கடைசியில்.

"குளிருக்கு நல்லது மச்சான். காபி குடிக்கிறியளா?" என்றாள் அத்தை.

அவர் குடித்துவிட்டுத்தான் போனார்.

அந்த வருஷம் அத்தையின் காய் போடிக் கடைகளில் பச்சைப் பசேலென்று போய் இறங்கியது. விறகும் பெரிய மாமாவின் ஸ்டோரைவிடக் குறைவாகத்தான் பிடித்தது. காய் எடுக்கிற பெண்களுக்கு மட்டும் ஒரு குறை. மழையில் நனைந்து வந்தால் அவர் ஸ்டோரின் சுவரில் முதுகைச் சாய்த்துக் குளிர் காய்வார்களாம், இந்தச் சுவர் சில்லென்று கிடக்கிறதாம். "சூட்டையெல்லாம் உள்ளயே வச்சுக்கிட்டா நாங்க எங்க போறது?" என்று என்னிடமே சண்டைக்கு வந்தார்கள். என் வேலைக்கு அதைவிட நல்ல சர்ட்டிபிகேட் யாரும் கொடுத்ததில்லை.

இதெல்லாம் பிறகு நடந்தது. எனக்கு அழியாமல் நிற்பது ஆவணியில் முதல் காய் வந்த அந்தச் சாயங்காலம். மழை தூறிக்கொண்டிருந்தது. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. கழுவிக் காயவைத்த தட்டுகள் உள்ளே அடுக்கில் இருந்தன. சுமைக்காரர் முதல் சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு சரிவில் இறங்கி வந்தார். ஆறு வருஷமும் அத்தையின் காயைப் பெரிய மாமா ஸ்டோருக்குச் சுமந்தவர் அவர்தான். பழக்கதோஷம், வாசலுக்கு இரண்டடி முன்னால் தானாக நின்றுவிட்டார். தலைச்சுமையோடு, மழையில் நின்றபடியே கேட்டார்.

"ஆத்தா, எப்ப எறக்கட்டும்?"

அத்தை சட்டென்று திரும்பித் தன் பின்னால் பார்த்தாள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிற ஆள் எப்போதும் வேறொருவர் அல்லவா. பின்னால் யாரும் இல்லை. திறந்த கதவும் உள்ளிருந்து வரும் சூடும்தான் இருந்தன. அவள் என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் வாயைத் திறக்காமல் இருந்த நல்ல சமயங்களில் அது ஒன்று.

"இப்ப" என்றாள். அது அவருக்குக் கேட்கவில்லை. கதவை இன்னும் அகலமாகத் தள்ளினாள்.

"இப்பவே எறக்கு அப்பு."